குலசை தசராவும் செலிபிரிட்டி தசராவும்

விஜயதசமி லீவு முடிந்து கல்லூரி திறக்கிற அன்றைக்குத் திருச்செந்தூர், தூத்துக்குடி பக்கத்து வகுப்புகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும். ஒருத்தன் காதுக்குப் பின்னால் மூன்று தடவை சோப்புப் போட்டும் போகாத நீலச் சாயம். இன்னொருத்தன் நொண்டிக்கொண்டே வருவான். அட்டென்டன்ஸ் எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" வருவதற்குப் பதிலாக ஒரு கரகரப்பு மட்டும் வரும். இடைவேளை விட்டதும் கதை ஆரம்பம்.

"எத்தனாவது வருசம்ல?"

"அஞ்சு. இந்த வருசம் காளி."

"ஏல, உன் உடம்புக்குக் காளியா? கிரீடம் தாங்குச்சா?"

"மேளம் நிக்கிற வரைக்கும் தாங்குச்சி மக்கா. மேளம் நின்ன பிறகுதான் கழுத்து வலியே தெரிஞ்சிது."

இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சண்டையே அதை வைத்துத்தான்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். குலசேகரன்பட்டினம் திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கிற பழைய துறைமுக ஊர். 2024 பிப்ரவரியில் இஸ்ரோ ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய பிறகு டெல்லிக்காரர்களுக்கும் பேர் தெரிந்துவிட்டது. ஆனால் இந்த வட்டாரத்துக்குக் குலசை என்றால் முத்தாரம்மன்தான். அம்மை முத்துக்களை ஆற்றியதால் முத்தாரம்மன் என்பார்கள், பாண்டியர் காலத்துக் கடல் முத்தோடு சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. கடல் முத்து போய்விட்டது. தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-ல். அம்மன் இருக்கிறாள்.

புரட்டாசி-ஐப்பசி நவராத்திரியில் கொடியேறிப் பத்து நாள் திருவிழா. அதற்கு முன்பே மாலை போட்டு விரதம் தொடங்கிவிடும். 48 நாள், 41 நாள், 21 நாள் என்று அவரவர் வேண்டுதலுக்கும் வேஷத்துக்கும் தகுந்தபடி. காளி வேஷத்துக்குத்தான் விரதம் கடுமை. ஊருக்கு ஊர் ஓலையில் 'தசரா பிறை' போட்டு, அங்கேயே பூஜை, அங்கேயே சாப்பாடு. கொடியேறியதும் காப்புக் கட்டி வேஷம் போட்டு, வீடு வீடாக, கடை கடையாகக் காணிக்கை எடுப்பார்கள். காளி, சிவன், ராமன், அனுமன், ராஜா, போலீஸ், டாக்டர், கரடி, பைத்தியம், பிச்சைக்காரன்... மளிகைக்கடை முதலாளியின் மகன் கிழிந்த சாக்கைச் சுற்றிக்கொண்டு, அப்பா கடைக்கு எதிர்க்கடையில் போய்க் கையேந்துவான். சேர்ந்த காசு அம்மன் உண்டியலுக்கு. பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். தன் முகத்தோடு வருகிற சூரன் யானை முகம், சிங்க முகம், எருமை முகம் என்று மாறி மாறி வந்து கடைசியில் விழுவான். லட்சக்கணக்கில் கூட்டம். மறுநாள் காப்பு அவிழ்த்து அவரவர் வீட்டுக்கு.

மைசூர் தசராவுக்கு அடுத்தது குலசை என்று பேப்பரில் வருஷா வருஷம் போடுகிறார்கள். இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறார்கள், அதுதான் வேடிக்கை! மைசூரில் யானை ஊர்வலம் போகும், ஜனங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள். குலசையில் வேலி கிடையாது. அங்கே போகிறவனே ஊர்வலம்.

சரியான ஒப்பீடு வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே 'ஜாம் பேண்ட்' என்று ஒரு வகை உண்டு. மேடையில் ஏறினால் எந்தப் பாட்டு எப்போது, எவ்வளவு நேரம் என்று அவர்களுக்கே தெரியாது. ஒருத்தர் இழுக்க மற்றவர் பின்னால் போக, ஒரே பாட்டு அரை மணி நேரம் ஓடும். 1965-ல் ஆரம்பித்து 1995-ல் ஜெர்ரி கார்சியா இறக்கும் வரை வாசித்த கிரேட்ஃபுல் டெட் இதற்கு மூதாதை. ரசிகர்கள் வேன் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பின்னாலேயே போனார்கள். கச்சேரியை டேப்பில் பதிவு செய்ய 1984-லிருந்து ரசிகர்களுக்குத் தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஃபிஷ் என்ற அடுத்த தலைமுறைக் குழு 1999 டிசம்பர் 31 நள்ளிரவு ஃப்ளோரிடாவில் ஆரம்பித்து விடியும் வரை, ஏழு மணி நேரத்துக்கு மேல், வாசித்தது. போய்வந்தவர்கள் இன்றைக்கும் அந்த ராத்திரியைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லி மாளவில்லை. எது எந்த நேரத்தில் எப்படித் திரும்பியது, மழையா பனியா, யார் தூங்கிப்போனது என்று.

குலசைக் கதையும் இதே ஜாதிதான். "உடன்குடி பஜார்ல வந்தப்ப செட்டு ஒரு அடி மாத்துனாம் பாரு" என்று ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். டெட் ரசிகன் முப்பது வருஷம் பின்னால் அலைந்தாலும் ரசிகன்தான், மேடை ஏற மாட்டான். குலசையில் ரசிகனும் ஆட்டக்காரனும் ஒரே ஆள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவன் பெங்களூரிலிருந்து பஸ் பிடித்து வந்து குறத்தி வேஷம் போட்டது உண்டு. (குறவன் குறத்தி ஆட்டம் அந்தச் சமூகத்தை இழிவு செய்கிறது என்று மதுரைக் கிளை உத்தரவைத் தொடர்ந்து 2023-ல் அரசு தடை செய்துவிட்டது, நல்ல காரியம். பழக்கம் என்பதற்காக எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டியதில்லை.)

மேளம் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். காளி வேஷக்காரன் வெயிலில் நாலு ஊர் நடந்து வந்திருப்பான். தலையில் கிரீடம், தோளில் மரக் கைகள், வாயில் பல். அவன் எதிரே தப்பட்டைக்காரர் நிற்பார். அவர் கண் காளியின் முகத்தில் இருக்காது, காலில் இருக்கும். கால் தளர்ந்தால் அடி தளரும், நாலு சுற்று சும்மா உருட்டுவார். கால் தரையை உதைக்க ஆரம்பித்ததும் அடி ஒரு படி ஏறும். அருள் வருகிற மாதிரி இருந்தால் மற்றவர்களுக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான், நாலு பேரும் ஒரே நேரத்தில் வேகம் பிடிப்பார்கள். மூச்சு முட்டுகிறது என்று தெரிந்தால் பட்டென்று நிறுத்திவிடுவார், ஆள் விழுவதற்குள் பிடிக்க இரண்டு பேர் பின்னால் தயாராக இருப்பார்கள். இதற்கு நோட்டேஷன் கிடையாது. முதல் நாள் உடன்குடியில் அடித்த அடி மறுநாள் சாத்தான்குளத்தில் வராது, வரவும் கூடாது.

இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை. கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் 1964-ல் மறைந்தார். 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்ட நாதஸ்வரம் அவருடையது. சினிமாவில் சில நிமிஷத்தில் முடிந்தது. கோயில் வீதியில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் ராகத்தை எடுத்தால் முடிவது எப்போது என்று கேட்கிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். அது பெரிய சங்கீதம், தப்பட்டை சின்ன சங்கீதம் என்று சொல்கிற மேதாவிகள் இருக்கிறார்கள். அவர்கள் சபாவிலேயே சௌக்கியமாக இருக்கட்டும்.

இப்போது பெரிய குழுக்கள் சில என்ன செய்கின்றன? சினிமா நடிகை, டி.வி. சீரியல் நடிகை, ரியாலிட்டி ஷோ டான்சர் என்று அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டி வருகிறார்கள். லாரியில் சுவர் மாதிரி ஸ்பீக்கர். பென் டிரைவில் பாட்டு. நட்சத்திரம் வண்டி மேல் நின்று ஆடும், கீழே வேஷம் போட்ட பிள்ளைகள் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கும். 48 நாள் விரதம் இருந்த காளி, பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீடியோ எடுக்கிறாள்!

இதை எதிர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பிடித்திருப்பது தப்பான வாலை. ஆபாசம், ஆபாசம் என்று ஒரே கூச்சல். வழக்கு மதுரைக் கிளை வரைக்கும் போயிருக்கிறது. ஆபாச நடனம் கூடாது, சாதி அடையாளத்தோடு வரக் கூடாது, இரும்பு ஆயுதம் கூடாது என்று போலீஸும் அறிவிப்புக் கொடுக்கிறது. சாதிக் கொடியையும் ஆயுதத்தையும் தடுப்பதில் மறுபேச்சு இல்லை. ஆனால் 'ஆபாசம்' என்ற கம்பு சுழன்றால் அடி யாருக்கு விழும்? அட்வான்ஸ் கொடுத்த கமிட்டிக்கா? கூலிக்கு ஆட வந்த பெண்ணுக்கா? பிழைப்புக்கு ஆட வந்தவள் சேலையை அளக்கிறவன், கூட்டி வந்தவன் கணக்கு நோட்டை ஒரு நாளும் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தப் பெண் முழங்கை வரை ரவிக்கை போட்டுப் பக்திப் பாட்டுக்கே ஆடினாலும் கேள்வி தீராது. ஆட வேண்டியவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறானே, அதற்கு என்ன சொல்கிறார்கள்?

கமிட்டிக்காரர்கள் சொல்லும் நியாயமும் உண்டு. கேட்டுப் பார்த்தால், "அண்ணாச்சி, நடிகை வந்தாத்தான் கூட்டம், கூட்டம் வந்தாத்தான் காணிக்கை" என்பார்கள். கணக்கு பொய்யில்லை. பக்கத்து ஊர்க் குழு யாரைக் கூட்டி வருகிறது என்று பார்த்து இவர்கள் அதைவிடப் பெரிய ஆளைத் தேட, அவர்கள் இன்னும் பெரிய ஆளைத் தேட, ஏலம் மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் காணிக்கை எடுப்பதன் பொருள் என்ன? பணமுள்ளவனும் பத்து நாள் கையேந்த வேண்டும், "போ, போ" என்று விரட்டுகிறவனிடமும் தலை குனிய வேண்டும் என்பதுதானே? கூட்டத்தைக் காட்டி வசூல் செய்வதற்கு வேஷமும் விரதமும் எதற்கு? டிக்கெட் புத்தகம் அடித்துவிடலாமே, வேலை சுலபம்.

இன்னொரு வாதம், "ஸ்பீக்கர்ல போட்டாலும் பிள்ளைங்க ஆடத்தானே செய்யுது?" ஆடுகிறார்கள். பாட்டு நாலு நிமிஷத்தில் முடியும், அடுத்த பாட்டு வரும். கால் தளர்ந்ததோ அருள் வந்ததோ ஸ்பீக்கருக்குத் தெரியாது. ஆடுகிறவன் பாட்டுக்குப் பின்னால் ஓட வேண்டும். ஒரு வயதான வேஷக்காரர் மூச்சு வாங்கி ஓரமாக உட்கார்ந்தாலும் பாட்டு அது பாட்டுக்கு ஓடும்.

எல்லோரும் வாய் மூடி இருக்கிற விஷயம் ஒன்று உண்டு. தப்பட்டை அடிக்கிறவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அம்மன் முன்னால் எல்லா வேஷமும் ஒன்று என்று பேசுகிற குழுவில், மேளக்காரருக்குப் பிறையில் எங்கே இலை போட்டார்கள் என்று கேட்டால் பதில் தடுமாறும். பல குழுக்கள் தெருவாரியாக, ஆக சாதிவாரியாகத்தான் இருக்கின்றன. அந்தப் பழைய மேளக் காலம் பொற்காலம் என்று யாரும் கதை விட வேண்டாம். ஆனாலும் அந்தப் பத்து நாள் மேளக்காரர் இல்லாமல் காரியம் நடக்காது என்ற ஒரு பிடிமானம் அவருக்கு இருந்தது. கூலி பேச முடிந்தது. "இந்த ஊருக்கு இவ்வளவு தந்தால்தான் வருவேன்" என்று சொல்ல முடிந்தது. பென் டிரைவ் வந்ததும் முதலில் போனது அந்தப் பேரம். சம்ஹாரமே ஜனங்கள் இல்லாமல் நடந்த 2020 கொரோனா வருஷத்தில் கோயில் கொடையும் இல்லை, தசராவும் இல்லை, மேளத்தை நம்பிய வீடுகள் உலை வைத்தது எப்படி என்று எந்தக் கமிட்டியும் விசாரித்ததாகத் தகவல் இல்லை. நடிகைக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்குவது பற்றிப் பேச்சு நடந்திருக்கலாம் :-)

மறுபடி வகுப்பறைக்கு வந்தால், நடிகை வந்த குழுவில் போன பையனைக் கேட்டுப் பாருங்கள்.

"யாருல வந்தா?"

"ஏதோ சீரியல்ல வருமே... பேரு மறந்துட்டு. செம கூட்டம். வீடியோ இருக்கு, பாக்கியா?"

வீடியோ ஒன்றரை நிமிஷம். பார்த்து முடித்தால் கதையும் முடிந்தது. பக்கத்தில் காளி வேஷம் போட்டவன் இன்னும் பேசிக்கொண்டிருப்பான். ஆறுமுகநேரி தாண்டும்போது வெயில் எப்படி, உப்பளத்துக் காற்று முகச்சாயத்தில் பட்டு எப்படி எரிந்தது, செட்டில் அடித்த தாத்தா எந்த இடத்தில் அடியை மாற்றினார், ஒரு வீட்டு ஆச்சி காலில் தண்ணீர் ஊற்றிவிட்டு என்ன சொன்னாள் என்று. மணி அடித்து வாத்தியார் வந்த பிறகும் டெஸ்கில் விரலால் அந்த அடியைத் தட்டிக் காட்டுவான்.

அடுத்த வருஷத்துக்கு வரி போட எல்லா ஊரிலும் கமிட்டி கூடும். வருகிற நடிகைக்கு எவ்வளவு என்று கணக்கு எழுதுவதற்கு முன்னால், போன வருஷம் மேளத்துக்குக் கொடுத்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, அவர்களுக்குச் சாப்பாடு எந்தப் பந்தியில் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு பையனாவது எழுந்து நின்று கேட்கட்டும். வேஷம் போடுகிறவன் வரி கட்டுகிறவன்தானே, கேட்க உரிமை உண்டு. "உக்காருல" என்பார்கள். உட்காராமல் கேட்க வேண்டும்.