கேட்கப்படாத பேச்சுகள்

இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவர்களுக்குத் தமிழக அரசியல், சமூக வரலாற்றைத் துணைப்பாடமாக நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு ஒருநாள், பெரியாரின் இறுதிப் பேருரையின் அச்சுப் பிரதியை ஒரு மாணவியிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் ஆற்றப்பட்ட உரை அது. மாணவி தடங்கலின்றிப் படித்தார்; மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். அதன்பிறகு அதே உரையின் ஒலிப்பதிவை ஓடவிட்டேன். முதல் சில நிமிடங்கள் வகுப்பில் சிரிப்புதான். தொண்ணூற்று நான்கு வயதுக் கிழவரின் குரல், கொங்கு வழக்கு, நின்று நின்று வரும் வாக்கியங்கள். பிறகு மூச்சு வாங்குவதும், உடல் வேதனை பேச்சினூடே வெளிப்படுவதும் கேட்கத் தொடங்கின. சிரிப்பு தானாகவே அடங்கிவிட்டது. முடிந்ததும், படித்த மாணவியே எழுந்தார். “ஐயா, நான் படிச்சப்ப இவரு கோபமாப் பேசுறாருன்னு நெனச்சுத்தான் படிச்சேன். இப்பக் கேட்டா ரொம்பக் களைச்சுப்போயிப் பேசுற மாதிரி இருக்கு.”

ஐந்து நாள் கழித்து அவர் மறைந்துவிட்டார் என்ற செய்தியை அதன்பிறகுதான் சொன்னேன். பதினைந்து ஆண்டுக்கும் மேலாக நான் எழுத்துப் பிரதியை மட்டும் வைத்து நடத்திய பாடத்தில் இந்தக் களைப்புக்கு இடமே இருந்ததில்லை.

தமிழகத்தின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு பெரும்பகுதி வாயால் நடந்த வரலாறு. மேடை, நாடகம், இசைத்தட்டு, வானொலி, திரைப்படம், தெருமுனை ஒலிபெருக்கி என்று குரல் போகாத இடத்தில் அரசியல் போனதில்லை. அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் இத்துறையில் ஆழ்ந்து உழைத்தவர். சுதேசி இயக்கக் காலத்தில் தமிழில் அரசியல் மேடைப்பேச்சு எவ்வாறு உருவாயிற்று என்பதை அவர் எழுதிய நூல், அவர் 2016இல் மறைந்தபின் 2021இல் வெளியாயிற்று. நம் பாடத்திட்டங்களோ இந்த வரலாற்றை அச்சிட்ட தாள்களைக் கொண்டே நடத்துகின்றன. ஒலிப்பதிவைச் சான்றாகக் கொள்ள வரலாற்றுத் துறையினர் தயங்குகிறார்கள். பேச்சைப் பிரதியாகக் கொள்ளத் தமிழ்த் துறையினர் தயங்குகிறார்கள். இரு துறைக்கும் நடுவே ஒலிநாடாவில் பூஞ்சை பிடிக்கிறது.

அச்சுக்கும் ஒலிக்கும் உள்ள வேறுபாடு உணர்ச்சி சார்ந்தது மட்டும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வகுப்பில் நான் வழக்கமாகச் செய்யும் ஒரு பயிற்சி உண்டு. பெரியார், காமராசர், அண்ணா மூவரின் உரைகளையும் முதலில் அச்சில் கொடுப்பேன். மூன்றும் ஏறக்குறைய ஒரே வகைப் பொதுத்தமிழில் இருக்கும். சுருக்கெழுத்தாளரும் பத்திரிகை உதவியாசிரியரும் அச்சுக்கோப்பவரும் கைவைத்தபின் எல்லாத் தலைவர்களும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போல ஆகிவிடுவார்கள். பிறகு ஒலியில் மூவரையும் கேட்கச் செய்வேன். அப்போது வேறொரு வரைபடம் எழும். ஈரோட்டுக்காரரும் விருதுநகர்க்காரரும் வீட்டுத் திண்ணையில் பேசும் தமிழையே மேடையிலும் பேசுகிறார்கள். அண்ணா பேசுவது எழுத்துத் தமிழ். அடுக்குச் சொற்களும் எதுகை மோனையும் ஏறி இறங்கும் தொனியும் கொண்ட தமிழ். கொள்கையில் பெரியாரின் மாணவர், மொழியில் அவரிடமிருந்து வெகுதூரம் விலகிப்போனவர். திராவிட இயக்கத்தின் உள்ளே நிகழ்ந்த ஒரு பெரிய மாற்றம் இது. செந்தமிழை மேடைக்குக் கொண்டுவந்தது வெறும் அலங்காரத்துக்காகவா, பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் அந்தத் தமிழ் தன்னுடையது என்ற பெருமிதத்தைக் கொடுப்பதற்காகவா என்று மாணவர்கள் வாதிடத் தொடங்குவார்கள். அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை எழுப்பவே முடியாது.

இன்னொன்று, கூட்டம். அச்சில் அடைப்புக்குறிக்குள் ‘கைதட்டல்’ என்று ஒரு சொல் நிற்கும். ஒலியில் அது எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, பேசுபவர் காத்திருக்கிறாரா, மேலே ஏறிப் பேசுகிறாரா என்பதெல்லாம் தெரியும். பெயர் பதியாத ஆயிரக்கணக்கான மனிதர்கள் வரலாற்றில் விட்டுச்சென்ற ஒரே தடயம் சில நேரங்களில் அந்தக் கைதட்டல்தான்.

எந்தக் குரல் பதிவாயிற்று, எது பதிவாகவில்லை என்பதில் கருவிக்கும் பங்குண்டு. பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம்தான் ஒலிக்கும். அதில் பாட்டு அடங்கும். பொதுக்கூட்டப் பேச்சு அடங்காது. ஆகவே 1930களின் தேசியவாதத்தை நாம் ஒலியில் கேட்பது பெரும்பாலும் நாடக நடிகர்களின் பாட்டில்தான். தியடோர் பாஸ்கரன் 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இதற்கு வழிகாட்டி. 1937 தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பாடிய கே.பி.சுந்தராம்பாளை நம் மாணவர்கள் ஔவையார் வேடத்தில் மட்டுமே அறிவார்கள். அவர் பின்னாளில் சென்னை மாகாண மேலவை உறுப்பினராக இருந்தவர் என்றால் நம்ப மறுக்கிறார்கள். மேடையில் முருகன் வேடத்திலேயே 1940 டிசம்பர் 31 அன்று உயிர்விட்ட விசுவநாததாஸ் பெயரை ஒரு வகுப்பில் இருவர் அறிந்திருந்தால் எனக்கு அன்று நல்ல நாள்.

சந்தை எதைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இராஜாஜி நல்ல எடுத்துக்காட்டு. 1938இல் பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியவர், 1965இல் அதே இந்தியை எதிர்த்தவர், 1967இல் தி.மு.க.வோடு கைகோத்துத் தம் பழைய கட்சியை வீழ்த்த உதவியவர். இத்தனை திருப்பங்கள் கொண்ட ஒரு மனிதரின் குரலாக வீடுகளில் தங்கியிருப்பது எது? எம்.எஸ்.சுப்புலட்சுமியின் பஜகோவிந்தம் இசைத்தட்டுக்கு அவர் ஆங்கிலத்தில் சொன்ன முன்னுரை. மார்கழி விடியலில் அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இராஜாஜி ஒரு சாந்தமான முதியவர். ஒலி பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு ஒலியைக் காப்பாற்றிவைப்பது ஏறக்குறைய பொய்யாகவே முடிகிறது.

எம்.ஜி.ஆர். பற்றியும் சொல்ல வேண்டும். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதாவின் துப்பாக்கிக் குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. அதன்பின் குரல் மாறிவிட்டது. அதற்கு முந்தைய படத்தின் ஒரு காட்சியையும் பிந்தைய படத்தின் ஒரு காட்சியையும் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னேன். “டப்பிங் வேற ஆளாங்கய்யா?” என்றான் ஒருவன். ஆளுமையின் ஆதாரமான குரலே சிதைந்தபின், அந்தச் சிதைவையும் ஏற்று ஒரு மக்கள்திரள் அவரைப் பத்தாண்டில் முதலமைச்சராக்கியது ஏன் என்ற கேள்விக்கு எந்தப் பாடநூலும் இவ்வளவு விரைவில் கொண்டுசேர்த்திராது.

வானொலி என்றதும் ‘செய்திகள் வாசிப்பது’ என்ற அறிவிப்பும், அதைத் தொடரும் சரோஜ் நாராயணசுவாமியின் பெயரும் என் தலைமுறைக்கு நினைவுக்கு வரும். ஆனால் சமூக வரலாற்றுக்கு வேளாண் ஒலிபரப்பு அதைவிட வளமானது. 1960களில் திருச்சி வானொலி ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தைப் பற்றி இடைவிடாது பேசிற்று. தஞ்சை மாவட்ட உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பசுமைப் புரட்சி நம் ஊருக்குள் காது வழியாக நுழைந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த ஒலிபரப்புகளுள் எத்தனை எஞ்சியிருக்கின்றன என்று கணக்குக் கேட்டால் சங்கடம்தான். ஒலிநாடா விலை கூடிய பொருள். ஒலிபரப்பு முடிந்ததும் பழையதை அழித்துப் புதியதைப் பதிவது அக்காலத்தில் எங்கும் நடந்த வழக்கம்.

அழிப்பதைப் பற்றிப் பேச எனக்கு அருகதை குறைவு. என் தந்தை ஓர் ஒலிநாடாவில் எங்கள் ஊர்ப் பொதுக்கூட்டம் ஒன்றைப் பதிந்து வைத்திருந்தார். அழியாமலிருக்க நாடாப் பெட்டியிலுள்ள இரு பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஏழெட்டு வயதில் நான் அதன்மேல் என் குறளொப்பித்தலைப் பதிந்தேன். இன்றும் அந்த நாடாவில் ஒரு பேச்சாளர் விலைவாசியைப் பற்றி உச்சத்துக்கு ஏறும்போது சட்டென்று ஒரு சிறுவன் வந்து கல்வி அதிகாரத்தைக் கூவத் தொடங்குவான். தந்தை அதற்காக என்னை ஒரு சொல்லும் சொன்னதில்லை.

இனி ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பாடத்தின் நடுவில், திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டார்: “ஐயா, இதுல எல்லாருமே மேடையில நின்னவங்களா இருக்காங்க. கீழ உக்காந்திருந்தவங்க குரல் எங்கங்கய்யா இருக்கு?” என்னிடம் விடையில்லை. அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். அவர் எழுத்து இருக்கிறது, வகுப்பில் ஒலிக்கவிட அவர் குரல் என்னிடம் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அங்குள்ளவர்களின் வாய்மொழியைப் பாரதி கிருஷ்ணகுமார் தம் ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படத்தில் பதிந்தது 2005இல். இடையில் முப்பத்தேழு ஆண்டுகள். அந்தச் சாட்சியங்களை வகுப்பில் காட்டினேன். ஆனால் அன்றே பதிவான குரலும், ஒரு தலைமுறை கழித்து நினைவுகூரும் குரலும் ஒரே வகைச் சான்று அல்ல என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. நினைவு குறைந்தது என்பதற்காக அன்று. அந்தச் சாட்சியங்கள் இத்தனை காலம் ஏன் காத்திருக்க நேர்ந்தது என்பதே ஒரு வரலாறு. ஒலிநாடா வாங்கக் காசுள்ளவன் எதைப் பதிந்தான் என்பதில்தான் நம் ஒலிச் சேகரங்கள் தொடங்குகின்றன. இதை மறைத்துவிட்டுத் தலைவர்களின் குரலை மட்டும் ஒலிக்கவிட்டால் வகுப்பறை கட்சி மாநாட்டின் முன்னிகழ்ச்சி போல ஆகிவிடும்.

இந்த அச்சம் எங்கள் பாடத்திட்டக் கூட்டத்திலும் எழுந்தது. மூத்த பேராசிரியர் ஒருவர், “ரெக்கார்டு போட்டுக் கேட்பது ஆராய்ச்சியா, பொழுதுபோக்கா?” என்றார். ஒலிப்பதிவை உணர்ச்சியூட்டும் பின்னணியாகப் பயன்படுத்தினால் அவர் சொல்வது சரிதான். கல்வெட்டைப் படிக்கும் மாணவனிடம், எந்த ஊர், எந்த ஆட்சியாண்டு, வெட்டுவித்தவன் யார் என்று கேட்கிறோம். அதே கேள்விகளை ஒலிநாடாவிடமும் கேட்க வேண்டும் என்பதுதான் என் வாதம். எந்த நாள், எந்த இடம், பதிந்தவர் யார், எதற்காகப் பதிந்தார், முழுமையா வெட்டப்பட்டதா. இணையத்தில் உலவும் பதிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இவற்றுள் ஒன்றுக்கும் விடை கிடையாது. பின்னணியில் யாரோ வீணையிசை வேறு சேர்த்திருப்பார்கள்.

இது வெறும் நுணுக்கவாதம் அன்று. 2018இல் மறைந்த கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் செயற்கை நுண்ணறிவின் துணையோடு திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதமே, 2016இல் மறைந்த ஜெயலலிதாவின் குரலில் ஓர் உரையை அவர் கட்சி வெளியிட்டது. இரண்டும் அறிவித்துவிட்டுச் செய்யப்பட்டவை. அறிவிக்காமல் செய்பவர்கள் வருவார்கள், ஒருவேளை வந்துவிட்டிருப்பார்கள். அண்ணா சொல்லாத ஒன்றை அண்ணாவின் குரலிலேயே சொல்லவைக்க முடிகிற காலத்தில், அசல் நாடா எங்கே இருக்கிறது என்று கேட்கத் தெரிந்த மாணவன் வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கற்பிக்கும் இடம் வகுப்பறையன்றி வேறெது?

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை இசைத்தட்டுகளைத் திரட்டிக் காத்துவருகின்றன. சட்டமும் குறுக்கே நிற்பதில்லை: இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியீட்டுக்குப்பின் 60 ஆண்டுகள்தாம், கற்பித்தலுக்கான பயன்பாட்டுக்குத் தனி விலக்கும் உண்டு. அரசு தன் மின்னூலகத்தில் நூல்களுக்குக் காட்டிய அக்கறையில் பாதியை நாள், இடம், பதிந்தவர் பெயரோடு கூடிய ஒலிகளுக்குக் காட்டினால் போதும்.

அதுவரை காத்திருக்க வேண்டாமென்று இந்தப் பருவத்தில் மாணவர்களை வீட்டுப் பரண்களில் தேடச் சொன்னேன். பதினான்கு ஒலிநாடாக்கள் வந்து சேர்ந்தன. ஒன்பது திரைப்பாடல், இரண்டு திருமண வீட்டுப் பதிவு, ஒன்று கோயில் கொடை வில்லுப்பாட்டு, ஒன்றில் தேர்தல் பிரச்சாரம், எந்தத் தேர்தலென்று இன்னும் பிடிபடவில்லை. மற்றொன்றை அந்தத் திருவாரூர் மாணவர் கொண்டுவந்தார். அவருடைய அப்பாயி நடவுப் பாட்டுப் பாடியதை யாரோ அரபு நாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் பதிந்திருக்கிறார்கள். நாடா உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பென்சிலைச் செருகி மெல்லச் சுற்றிப் பார்த்தோம், பாதிக்குமேல் நகரவில்லை. துறையிலிருக்கும் ஒரே டேப்ரெக்கார்டருக்கும் பெல்ட் தளர்ந்துவிட்டது. பழுதுபார்க்கத் தெரிந்தவர்களை நண்பர்கள் யாரேனும் அறிந்திருந்தால் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.