மீட்பு என்ற கட்டுக்கதை

1750இல் இறந்த பாஹை உலகம் மறந்தது, 1829இல் பெர்லினில் மெண்டல்ஸன் மீட்டார் என்று பரோக் இசைக்கு அறிமுகம் எழுதுகிறவர்கள் கூசாமல் எழுதிவிடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. மறந்தது யார்? டிக்கெட் வாங்கிக் கேட்கும் கூட்டம். பான் நகரில் சிறுவன் பீத்தோவனுக்கு அவன் ஆசிரியர் நேஃபே பாடமாக வைத்தது பாஹின் ஃபியூகுகள். அவை அச்சேறியதே 1801இல்தான், அதுவரை கைப்பிரதி. 1789இல் லைப்ஸிக்கில் தாமஸ் பள்ளிப் பையன்கள் பாஹின் மோட்டெட்டைப் பாட, கேட்ட மோட்ஸார்ட் (புகழின் நடுவிலிருந்தவர்) பிரதி பெற்றுக்கொண்டார். கைதட்டல் கேட்காததால் இதற்கெல்லாம் மரணம் என்று பெயர். மெண்டல்ஸன் மேடையேற்றிய 'மத்தேயு பாடுகள்'கூட முழுசாக இல்லை. ஏரியாக்களில் பெரும்பாலானவற்றை வெட்டிவிட்டார். அந்த மூளியைத்தான் மீட்பு என்கிறார்கள்.