வீடியோ கேமுக்கு ஐடியா எங்கே கிடைக்கும்? அரியலூர் மண்ணிலேயே கிடைக்கும்!

'ஆன்லைன் கேம்' என்றாலே நம் வீடுகளில் முதலில் வருவது பயம்தான். பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. தேவையான நடவடிக்கை. ஆனால், பணம் புழங்காத விளையாட்டுகளை ஊக்குவிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எதை விளையாடக் கூடாது என்று நிறையப் பேசியாயிற்று. எதை உருவாக்கலாம் என்று எப்போது பேசப்போகிறோம்?

"செய்ய ஆசைதான், ஆனா ஐடியா வர மாட்டேங்குதே" என்பார்கள் மாணவர்கள். பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் என்றால் கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: "நம்ம ஊர்ல அப்படி என்னங்க இருக்கு?"

ஐடியா என்றால் கதையா?

இல்லை. விளையாடுபவர் என்ன செய்கிறார் என்பதுதான் ஐடியா. துப்பாக்கிச் சுடும் கேமுக்குப் பின்னணியில் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலை வைத்தால் அது புது கேம் ஆகிவிடாது. திரைச்சீலை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஜப்பானின் சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். தேடு, பிடி, சேர், நண்பனோடு மாற்றிக்கொள் என்ற அந்தப் பழக்கமே 1996-ல் 'போக்கிமான்' ஆனது. கியோட்டோ அருகே காடு, குகை என்று சுற்றிய ஷிகெரு மியாமோட்டோவின் அனுபவம் 1986-ல் 'செல்டா' ஆனது. கனடாவிலிருந்து 2023-ல் வந்த 'வெண்பா' கேமில், புலம்பெயர்ந்த ஒரு தமிழ்த் தாய் தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்கிறார். அந்த கேம் 2024-ல் பாஃப்டா விருது பெற்றது. மூவருமே தங்களுக்குத் தெரிந்த செயலிலிருந்துதான் தொடங்கினார்கள்.

நம்ம ஊர்ல என்ன இருக்கு?

ஒரு கடலே இருந்தது! சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதியின் பெரும்பகுதி கடலுக்கு அடியில். அரியலூரைச் சுற்றி சிமென்ட் ஆலைகள் வந்ததற்குக் காரணமான சுண்ணாம்புக்கல், அந்தக் கடல் விட்டுச்சென்றது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் கல்லாகிக் கிடக்கிறது.

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து, 'புருகத்காயோசாரஸ்' என்ற மாபெரும் டைனோசரை 1987-ல் இந்திய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பிறகு நடந்தது சோகம். அந்த எலும்புகள் பொடிந்து போயின. இன்று மிஞ்சியிருப்பவை அப்போது எடுத்த அளவுகளும் படங்களும்தான்.

2020-ல் குன்னத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது "டைனோசர் முட்டை!" என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது. அவை அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தோடு தொடர்புடைய படிவங்கள் என்று நிபுணர்கள் விளக்கினார்கள்.

சரி, இதை கேம் ஆக்குவது எப்படி?

மூன்று கேள்விகள் போதும். என்ன செயல்? என்ன நெருக்கடி? எதை இழக்க வேண்டும்?

கல்லமேட்டை எடுத்துக்கொள்வோம். எலும்பைத் தோண்டி, உடையாமல் பிளாஸ்டர் கட்டுவது செயல். மழை வருகிறது என்பது நெருக்கடி. பிளாஸ்டர் மூன்று எலும்புகளுக்குத்தான் போதும், கிடப்பதோ ஏழு. எந்த நான்கை விடுவீர்கள்? இந்தக் கேள்வி வந்த இடத்தில் கேம் பிறந்துவிட்டது. குன்னம் என்றால், முட்டையா கல்லா என்று தடயங்களை வைத்து, வதந்தி ஊரைச் சுற்றி முடிப்பதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

இரு தரப்பும் சம பலத்தோடு இருக்கணும் என்றும் இல்லை. ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி வெட்டும், ஆடு வழி அடைக்கும். பாசனத்துக்கும் பறவைக்கும் ஒரே தண்ணீரை நம்பியிருக்கும் கரைவெட்டி ஏரியை அப்படி ஓர் ஆட்டமாக்கலாம்.

முதல் நாளே கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம். அட்டை, சோழி, பென்சில் போதும். வீட்டில் இரண்டு பேரை விளையாட வையுங்கள். நீங்கள் விளக்கம் சொல்லாமலே அவர்கள் "இன்னொரு ஆட்டம்" என்று கேட்டால் ஐடியா தேறிவிட்டது. கேட்காவிட்டால் விதியை மாற்றுங்கள். கோடிங் அதற்குப் பிறகு.

யார் கை கொடுக்க வேண்டும்?

வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. இரு மாவட்டங்களின் பள்ளி, கல்லூரிகள் மாணவர்களை அங்கே ஒரு நாள் அழைத்துப்போய், மாலைக்குள் ஓர் அட்டை விளையாட்டு செய்யச் சொல்லலாம். நல்லவற்றை கேமாக மாற்ற மாவட்ட நிர்வாகம் ஒரு கணினி ஆய்வகத்தைத் திறந்துவிடலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

கல்லமேட்டு எலும்புகளை நம்மால் திரும்பப் பெற முடியாது. அப்படி ஒன்று இங்கே இருந்தது என்பதாவது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தால் மறந்துவிடும். மழைக்கு முன்னால் எந்த எலும்பைக் காப்பாற்றுவது என்று தவித்துப் பார்த்த பிள்ளைக்கு மறக்காது.