அடாப்டர் மறைக்கும் கணக்கு

பழைய மலைமிதிவண்டியில் ஓர் அடாப்டரை முடுக்கிவிட்டால் டிஸ்க் பிரேக் வந்துவிடும் என்கிறார்கள். வரும், விசை எங்கே போகும் என்பதைத்தான் எவரும் கேட்பதில்லை. 26 அங்குலச் சக்கரத்தில் ரிம் பிரேக் அச்சிலிருந்து ஏறத்தாழ 27 செ.மீ. தொலைவில் பற்றுகிறது, 160 மி.மீ. டிஸ்க்கில் அத்தொலைவு 8 செ.மீ.கூட இல்லை. அதே முறுக்குவிசைக்கு மூன்று மடங்குக்கும் மேலான பிடி வேண்டும். அம்முறுக்கை அடாப்டர் இடப்பக்கத்து மெல்லிய பின்குழாயின் ஓரிடத்தில் இறக்குகிறது. அக்குழாய் அதற்கென வடிக்கப்பட்டதன்று. வகுப்பில் விசைப்படம் வரைந்து மதிப்பெண் பெறும் பொறியியல் மாணவர்களும் விடுதி வாசலில் இக்கணக்கை மறக்கிறார்கள். சேற்றிலும் மழையிலும் டிஸ்க் மேலானதே, மறுப்பில்லை. ஆயினும் உலர்ந்த சாலையில் பின்சக்கரத்தைப் பூட்டிவிட, நல்ல கட்டைகளும் புதுக் கேபிளும் கொண்ட வி-பிரேக் இன்றும் போதும்; டிஸ்க்குக்காகச் சக்கரத்தின் ஹப்பையும் மாற்றவேண்டியதில்லை.