மடக்குக் கெட்டில் எங்கே உதவும்?

தாம்பரத்தில் ராத்திரி ரயில் ஏறும் நம் வயதுக்காரர்கள் சிலர் இப்போது பையில் மடக்குக் கெட்டில் வைத்திருக்கிறார்கள். சிலிக்கோன் ரப்பரால் ஆனது. அமுக்கினால் டிபன் டப்பா உயரத்துக்கு அடங்கிவிடும். சுமார் அரை லிட்டர் கொள்ளும். லாட்ஜ் அறையில் விடியற்காலை மாத்திரைக்கு வெந்நீர் கேட்டு யாரையும் எழுப்ப வேண்டாம். நல்ல சௌகரியம்தான்.

புதிதில் ரப்பர் வாசனை அடிக்கும். இரண்டு மூன்று தடவை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள். மடிப்புகளில் ஈரம் தங்க விடாதீர்கள்.

ஆனால் ரயிலில் மட்டும் வேண்டாம். பெட்டியில் உள்ள பிளக் செல்போன், லேப்டாப்புக்குத்தான். கெட்டிலோ பெரும்பாலும் 600 வாட் இழுக்கும். 2025 நவம்பரில் ஒரு பெண்மணி ரயிலில் கெட்டில் வைத்து நூடுல்ஸ் செய்த வீடியோ பரவியதும், இது தண்டனைக்குரிய குற்றம் என்று மத்திய ரயில்வே எச்சரித்தது. தீப்பிடித்தால் இறங்கி ஓட நம் முழங்கால் ஒத்துழைக்குமா? ரயிலுக்கு, வீட்டிலிருந்தே நிரப்பிய எவர்சில்வர் பிளாஸ்க் போதும்.