கணக்கு யார் கையில்?



தோட்டத்தில் உழைப்பு மரத்தடியில் தொடங்குகிறது. கூலியோ தராசு தொங்கும் கொட்டகையில்தான் தொடங்குகிறது. விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் ஐந்நூறு மரங்களைச் சுற்றி வந்து, பட்டைக்கடியில் காயம் படாமல் மெல்லிய சீவலாகச் சீவி, மங்கில் விழுந்த பாலை வாளியில் சேர்த்துத் தோள் நோகச் சுமந்து வருகிறார் பால்வெட்டுத் தொழிலாளி. ஆனால் அவர் எவ்வளவு வேலை செய்தார் என்று சொல்கிறவர் வேறொருவர். எத்தனை கிலோ, எத்தனை விழுக்காடு, எத்தனை நாள் பேர், எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் பிறர் ஏட்டில் இருக்கின்றன. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலும் இதே கதைதான். இப்பொழுது ஏடு போய்க் கைப்பேசி வந்திருக்கிறது, அவ்வளவே.

இன்று எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இரண்டு பேச்சுத்தான் காதில் விழுகிறது. ஒன்று, அந்நிய ஆட்கள் வந்து குவிந்துவிட்டார்கள் என்பது. மற்றொன்று, இனி இயந்திரம் வந்து நம் வயிற்றில் அடிக்கப் போகிறது என்பது. இவ்விரண்டு அச்சமும் வீண் என்று நாம் சொல்லமாட்டோம். இருப்பினும் வந்த ஆளையும் இயந்திரத்தையும் பார்த்து அஞ்சுகிறவர்கள், அவற்றின் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள் என்பதே நம் கருத்து.

ஆள் சேர்க்கும் கதையை முதலில் பார்ப்போம். நம் பாட்டன்மாரைக் கொண்டுவந்தவன் கங்காணி. ஊருக்குப் போய், உறவுக்காரரையும் ஊராரையும் சேர்த்து, கப்பலேற்றிக் கொண்டுவருவான். கொண்டுவந்த தலைக்கு இவ்வளவு என்று தரகு; அதற்குமேல், பெரட்டுக்கு வரும் ஆள் ஒன்றுக்கு நாளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு. ஊரில் கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் வந்தவன் தலையில் கடனாக ஏறும். அந்தக் கடன் தீரும்வரை அவன் வேறு தோட்டத்தை ஏறெடுத்தும் பார்க்க முடியாது.

இந்நிலையில் 1907-இல் ஒரு மாற்றம் வந்தது. தமிழர் குடிவரவு நிதி என்று ஒன்றை மலாயாவில் சட்டத்தின் மூலம் அமைத்தார்கள். தோட்ட முதலாளிமார், தங்களிடம் தொழிலாளர் வேலை செய்த நாட்களின் கணக்குப்படி அந்த நிதிக்கு வரி கட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் புதிய ஆட்களின் கப்பல் கட்டணம் கொடுக்கப்பட்டது. வந்தவன் அதைத் திருப்பிக் கட்டவேண்டியதில்லை. இது கருணையால் நடந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஒரு தோட்டம் செலவு செய்து கொண்டுவந்த ஆளை அடுத்த தோட்டம் இழுத்துக்கொண்டது. அந்தச் சண்டையைத் தீர்க்கவும், ரப்பருக்கு வேண்டிய ஆள் தடையின்றி வந்து குவியவும் முதலாளிமார் கண்ட வழி அது. ஆயினும் ஆள் கொண்டுவரும் செலவு ஆளை வேண்டுகிறவனைச் சேரும் என்ற நியாயத்தை, ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்த 1910-க்கும் முன்னதாகவே வெள்ளை முதலாளி ஒப்புக்கொண்டான். இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய நிலை என்ன? வங்காளதேசத்திலிருந்து ஓர் இளைஞன் இங்கு வேலைக்கு வருவதற்கு அந்நாட்டு அரசு 2022-இல் 78,990 டாக்கா என்று கட்டண வரம்பு வைத்தது. அந்த வரம்புக்குள் வந்து சேர்ந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பல மடங்கு கொடுத்து, நிலத்தை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கித்தான் வருகிறார்கள். 2024 மே 31-ஆம் தேதியோடு நுழைவு முடிகிறது என்று நம் அரசு நாள் குறித்தபோது, பணத்தையெல்லாம் கட்டிவிட்டு விமானம் கிடைக்காமல் அந்நாட்டில் நின்றுபோனவர்கள் சுமார் 17,000 பேர். ஆக, 1907-இல் முதலாளியின் பையிலிருந்து போன பணம் இப்பொழுது தொழிலாளியின் பையிலிருந்து போகிறது. நூறாண்டு முன்னேற்றம் என்பது இதுதானா என்று நாம் கேட்கிறோம்.

"அவன் கடன் அவனுக்கு, நமக்கென்ன?" என்று நம்மில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். கடன் தலைக்குமேல் நிற்கிறவன் நிறுவை குறைந்தால் கேள்வி கேட்பானா? ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வா என்றால் மறுப்பானா? அவனுடைய கடப்பிதழ் அலுவலகப் பெட்டிக்குள் பூட்டியிருந்தால் சங்கக் கூட்டத்துக்குத்தான் வருவானா? பக்கத்து நிரையில் இப்படி வாய் திறக்க முடியாத ஒருவன் வெட்டிக்கொண்டிருக்கும்போது, நம் நிரைக்கு மட்டும் நியாயமான விலை எங்கிருந்து வரும்? அவன் காலில் கட்டிய கயிறு நம் கூலியையும் சேர்த்துத்தான் கீழே இழுக்கிறது.

மேலும், வேலை அனுமதிச் சீட்டு என்பது நமக்குப் புதிய சொல்லன்று. 1968-ஆம் ஆண்டு வேலை கட்டுப்பாட்டுச் சட்டம் 1969-இல் அமலுக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாத நம்மவர் எத்தனை பேர் அந்தச் சீட்டுக்காக வரிசையில் நின்றார்கள்! இந்த மண்ணிலே பிறந்தும் பத்திரம் எடுத்து வைக்காத காரணத்தால் வேலையிழந்து, கண்ணால் காணாத ஊருக்குக் கப்பலேறியவர்கள் பல்லாயிரம் பேர். நம் குடும்பங்களில் அந்தக் கதை இல்லாத குடும்பம் குறைவு. அன்று சீட்டு இல்லாததால் நம் பெரியவர்கள் பட்ட அவமானத்தை, இன்று ஒரே முதலாளியின் பேருக்கு எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு வேறொருவன் படுகிறான். அவனை "அந்நியன்" என்று அழைப்பதற்கு நம் நாக்கு கூச வேண்டாமா?

முதலாளிமாரால் கொடுக்க முடியாது என்பது ஒரு வாதம். அதற்கும் பதில் இருக்கிறது. நாம் வெட்டும் பாலில்தான் கையுறை செய்கிறார்கள். 2020 ஜூலையில் இந்நாட்டின் பெரிய கையுறை நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த இரண்டு கம்பெனிகளின் சரக்கை, கட்டாய உழைப்புப் புகாரின்பேரில் அமெரிக்கச் சுங்கத்துறை துறைமுகத்தில் நிறுத்தியது. 2021 மார்ச்சில் பிடி இன்னும் இறுகியது. அதே ஆண்டு செப்டம்பரில் தடை நீங்கிய வேளையில், தொழிலாளருக்கு அந்நிறுவனம் கொடுத்திருந்த ஈட்டுத்தொகை 3 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். சரக்கு நின்றவுடன் பணம் வந்துவிட்டது பாருங்கள்! கொடுக்க முடியாது என்பது மெய்யன்று. கேட்பவன் யார் என்பதைப் பொறுத்தே கை நீள்கிறது.

இனி நம் கொட்டகைக்குள் வருவோம். இங்கே கிராணி நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இருபது கிலோ பால் கொண்டுவந்தால் இருபது கிலோவுக்குக் கூலி இல்லை. அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பதே கணக்கு. அதைச் சொல்வது மெட்ரோலாக் குழல். பாலோடு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்துக் குழலை மிதக்கவிட்டு, காட்டும் எண்ணை மூன்றால் பெருக்குவது வழக்கம். கண்ணில் ஒரு கோடு தவறினால் கணக்கில் மூன்று கோடு தவறும். விழுக்காட்டில் சொன்னால், குழல் 11 காட்டினால் பால் 33 விழுக்காடு. அதையே 10 என்று படித்துவிட்டால் 30. இருபது கிலோ பாலுக்கு முன்னது 6.6 கிலோ ரப்பர். பின்னது 6 கிலோ. நாளுக்கு 600 கிராம் போகிறது. இருபத்தைந்து நாள் வேலை செய்தவருக்கு மாதத்தில் 15 கிலோ! நுரை நின்றாலும், படிக்கிறவர் அவசரப்பட்டாலும் இது நடக்கும். திருட்டு எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டியதில்லை.

பாலில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம்: எடை ஏறினால் விழுக்காடு இறங்கும். குழலைச் சரியாகப் படித்தால் அந்தத் தண்ணீருக்கு ஒரு காசும் கிடைக்காது. தூக்கிச் சுமந்த வலிதான் மிச்சம்.

கிராணிக்கும் வெட்டுக்காரருக்கும் இடையே உள்ள பகை, வெள்ளைத் துரை திட்டமிட்டு வளர்த்த பகை. வீடு தனி, சங்கம் தனி, உட்காரும் நாற்காலி தனி. துரையின் வசவைக் கிராணி வாங்குவார். வாங்கியதை வட்டியோடு கொட்டகையில் கொட்டுவார். பழைய கிராணிமாரில் ஏழைப் பிள்ளைகளுக்கு மனு எழுதிக் கொடுத்தவர்களும், பிறப்புப் பத்திரத்துக்கு அலைந்தவர்களும் இருந்ததை நாம் மறுக்கவில்லை. ஆயினும் எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் புத்தகத்தில் மட்டும் எழுதிக்கொள்ளும் பழக்கம் எத்தனையோ நல்ல கிராணிகளையும் தொற்றிக்கொண்டது. குழலைத் தொழிலாளியின் கண்முன் பிடித்துக் காட்டினால் கிராணியின் மதிப்பு என்ன குறைந்துவிடும்?

இப்பொழுது கிராணியின் பேனாவுக்கும் ஆபத்து வந்திருக்கிறது. மின்தராசு நிறுக்கிறது. முகத்தைக் காட்டினால் கைப்பேசி பேர் போடுகிறது. எண்கள் நேரே கோலாலம்பூர்த் தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேருகின்றன. செக்ரோல் புத்தகத்தில் அடித்துத் திருத்தியதாவது கண்ணுக்குத் தெரிந்தது. இதில் திருத்தினால் அடையாளமே தெரிவதில்லை. "கணினி அப்படிக் காட்டுகிறது, நான் என்ன செய்ய?" என்று கிராணி கையை விரிக்கிறார். நேற்றுவரை வெட்டுக்காரருக்கு மட்டும் மறைவாயிருந்த கணக்கு இன்று கிராணிக்கும் மறைவாகிவிட்டது. இருவரும் ஒரே பக்கம் நிற்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

இதனால் இயந்திரமே வேண்டாம் என்று சொல்ல நாம் பைத்தியக்காரர் அல்லர். மின்கலத்தில் ஓடும் கத்தி கையில் வலியைக் குறைக்குமானால் வரட்டும். மின்தராசு சரியாக நிறுத்து, அங்கேயே ஒரு சீட்டு அச்சடித்துத் தொழிலாளி கையில் கொடுக்குமானால் அதற்கு மாலை போட்டு வரவேற்போம். சீட்டைக் கொடுக்கும் வசதி இருந்தும், தாள் செலவு என்று அதை நிறுத்தி வைப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

மருந்தின் கதையும் இதுவே. மரத்தில் பால் நெடுநேரம் வடிய எத்ரல் தடவும் முறை 1970-களில் பரவியது. மருந்து தடவினால் ஒரு மரத்தை மூன்று நாளைக்கு ஒருமுறை, நான்கு நாளைக்கு ஒருமுறை வெட்டினால் போதும். அதே காட்டுக்குக் குறைந்த ஆள் போதும். ஆராய்ச்சிக்காரர்களின் அறிவை நாம் குறை சொல்லவில்லை. மிஞ்சிய ஆள் எங்கே போனார், மிஞ்சிய லாபம் எங்கே போனது, அதிகமாக வடிந்த பாலைச் சுமந்த முதுகுக்கு என்ன கிடைத்தது என்றுதான் கேட்கிறோம். மருந்து அளவு மீறினால் பட்டை வறண்டு மரம் பால் கொடுப்பதை நிறுத்திவிடும். அப்பொழுது பழி யார்மேல்? வெட்டு ஆழமாகப் போய்விட்டது என்று கத்தி பிடித்தவர்மேல்! எந்தக் காட்டில், எந்தத் தேதியில், எத்தனை பங்கு மருந்து தடவ உத்தரவு போட்டார்கள் என்ற கணக்கு மட்டும் அலுவலகத்தைவிட்டு வெளியே வருவதில்லை.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும் காலம் இது. துண்டுக் கூலிக்காரருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 2025 பிப்ரவரியில் அது 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. சம்பள விவரச் சீட்டு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. சட்டம் அனுமதிக்காத பிடித்தத்தை 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு தடுக்கிறது. கட்டாய உழைப்பு வாங்குவதைத் தனிக் குற்றமாக்கும் 90பி என்ற பிரிவு 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. பிறர் கடப்பிதழை உரிமையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். வெளிநாட்டுத் தொழிலாளி சங்கத்தில் உறுப்பினராவதையும் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் தன்னிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லாத தொழிலாளி, எந்தப் பிரிவைக் காட்டி எந்தத் தொழில் நீதிமன்றத்தில் எதை நிரூபிப்பார்?

தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டன, ரப்பர் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறுதோட்டக்காரர் வசம் இருக்கிறது, நாம் சிலராகிவிட்டோம். இனி என்ன சங்கம், என்ன பேச்சு என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. 1954-இல் மாநிலந்தோறும் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனபோதும், இது நடக்கிற காரியமா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

முதலாளிமாரோடு அடுத்து ஒப்பந்தம் பேசும் மேசைக்கு நம் தலைவர்கள் எடுத்துச் செல்ல வேண்டியவை இவை. ஆள் கொண்டுவரும் செலவு முழுவதும் முதலாளியைச் சேர வேண்டும்; ஏற்கெனவே கட்டியவர்களுக்குத் திருப்பித் தரப்பட வேண்டும். எடையும் விழுக்காடும் அச்சடித்த சீட்டாக நாள்தோறும் கையில் வர வேண்டும். புதுக் கருவியோ, கணினி முறையோ, மருந்தோ தோட்டத்துக்குள் வருமுன் சங்கத்திடம் காட்டிப் பேச வேண்டும். வந்து ஆறு மாதம் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது பேச்சு ஆகாது.

மேசைப் பேச்சு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சட்டைப்பையில் அடங்கும் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். நாள், காட்டு எண், கிலோ, விழுக்காடு ஆகிய நான்கையும் கொட்டகையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கிராணி நண்பர்கள் எண்ணை உரக்கச் சொல்லுங்கள். சம்பள நாளன்று சீட்டையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபட்டால் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளைச் செயலாளரிடம் போங்கள். பக்கத்து நிரையில் வெட்டும் வங்காளதேசத் தோழருக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, எப்படி எழுதுவதென்று காட்டிக் கொடுங்கள்.