விவேக்கின் கடைசிப் பத்தி

“ஒரு காமெடியனோட விக்கிப்பீடியா பக்கத்துக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?” என்று இலக்கிய நண்பர் ஒருவர் கேட்டார். கவிஞர் ஒருவரின் பிறந்த வருடம் பிசகிவிட்டால் மூன்று நாள் சண்டை போடுகிறவர். நகைச்சுவை நடிகர் என்றால் மட்டும், அதை ரசிகர்கள் பார்த்துக்கொள்வார்களாம்.

விவேக்கை எடுத்துக்கொள்வோம். 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 16ஆம் தேதி மயங்கி விழுந்தார். 17ஆம் தேதி அதிகாலை இறந்தார். மூன்று வரியும் சரி, மூன்றுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் பத்தியை இதோடு நிறுத்தினால் அது பொய். இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று இந்திய அரசின் ஆய்வுக் குழு 2021 அக்டோபரில் முடிவு சொன்னது.

எங்கள் குடும்பப் புலனக் குழுவுக்கு முதல் மூன்று வரிதான் வந்தது. மைசெஜாத்ராவில் பதிந்திருந்த பெரியம்மா, “விவேக்குக்கே இப்படின்னா நான் எம்மாத்திரம்?” என்று கொடுத்த தேதிக்குப் போகவே இல்லை. அந்த அடைப்புச் செய்தியைக் காட்டிக் காட்டித்தான் ஜூலையில் கூட்டிப்போனேன்.

மக்கள் பயப்படக்கூடாது என்று சொல்லி, பத்திரிகையாளர்கள் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டவர் அவர். மூடநம்பிக்கையைக் கிண்டலடித்தே சின்னக் கலைவாணர் ஆனவர். அவர் பெயரே வதந்திக்குச் சாட்சியாகிவிட்டது. இதைவிடக் கேவலம் வேண்டுமா?

“சர்ச்சை எதுக்கு, மரணப் பத்தியையே தூக்கிடலாம்” என்கிற ரசிகர்களும் உண்டு. மரியாதையாம். தூக்கினால் புலனத்தில் வந்ததுதான் மிஞ்சும். அவர்களுக்குப் பட்டங்களை அடுக்கினால் போதும். 1987இல் ‘மனதில் உறுதி வேண்டும்’ படத்தில் பாலசந்தர் அறிமுகப்படுத்தியது, 2009இல் பத்மஸ்ரீ, அப்துல் கலாமின் தூண்டுதலில் நட்ட மரங்கள், இதையெல்லாம் தேதியோடு எழுதச் சொன்னால் ஆள் இருக்காது.

என் வேலையிடத்தில் ஒரு பம்ப் நின்றுபோனால், நின்ற நேரத்தை மட்டும் எழுதி லாக்புக்கை மூட முடியாது. ஏன் நின்றது என்று எழுதாவிட்டால் சூப்பர்வைசர் கையெழுத்துப் போடமாட்டார். பம்ப்புக்கே அவ்வளவு.

நண்பருக்கு விக்கிப்பீடியாவில் கணக்கு இருக்கிறது. கவிஞர்கள் பக்கத்தில் ஒற்றுப்பிழை திருத்தத் தொடங்கியது. இரண்டு செய்திகளின் சுட்டியையும் அனுப்பியிருக்கிறேன். இன்னும் ‘தொகு’ பொத்தானை அமுக்கவில்லை.